பள்ளி விடுதிகளில் தீத்தெளிப்பான்கள்: கொங்கு நாட்டுப் பின்னணியில் ஒரு வரலாறு

கொங்கு நாட்டில் 'ஸ்பிரிங்க்ளர்' என்ற சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது தோட்டம்தான். சின்ன வெங்காயத்துக்கும் நிலக்கடலைக்கும் மழைபோல் நீர் தூவும் பாசனக் கருவியை உழவர்கள் அப்பெயரால் அழைக்கின்றனர். கட்டடங்களின் மேற்கூரைக்கு அடியில் பொருத்தப்படும் தானியங்கித் தீத்தெளிப்பானுக்கும் அதே பெயர்தான். இரண்டாவது கருவி உலகில் முதலில் பரவிய இடம் பஞ்சாலை. பஞ்சாலைகளால் வளர்ந்த கோயம்புத்தூர் வட்டாரத்தில், அந்த ஆலைகளின் காலத்தை ஒட்டியே பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் பெருகின. ஆனால் பஞ்சைக் காக்கப் பிறந்த கருவி, உறங்கும் பிள்ளைகள் இருக்கும் கூடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. பெரும்பாலான பழைய விடுதிகளுக்கு அது இன்னும் வரவில்லை.

ஆலையில் பிறந்த கருவி

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி நூற்பாலைகளில் துளையிட்ட குழாய்களைக் கூரையடியில் ஓட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. தீப்பிடித்தால் ஒருவர் ஓடிச்சென்று வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் தீ இருக்கும் இடம், இல்லாத இடம் என்ற வேறுபாடின்றி எல்லா இடத்திலும் நீர் கொட்டும். இதைத் தானியங்கியாக்கும் முயற்சியில் பிலிப் பிராட் 1872இல் ஒரு காப்புரிமை பெற்றார். கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி, 1874இல் தம் தொழிற்சாலையைக் காக்கத் தானே ஒரு தெளிப்பானை உருவாக்கிப் பொருத்தினார். அதைச் செம்மைப்படுத்திய பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடெரிக் கிரின்னல் 1881இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் அறியப்பட்ட தெளிப்பான்கள் மான்செஸ்டர் நகரின் மேதர் அண்ட் பிளாட் நிறுவனம் வழியாக இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் பரவின.

இந்தப் பரவலுக்குக் காரணம் காப்பீடு. 1835இல் ரோட் ஐலண்டு மாநில ஆலை முதலாளி ஜகரியா ஆலன், தம் ஆலையில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைச் செய்துவிட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டார். நிறுவனம் மறுத்தது. அவர் மற்ற ஆலைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு தாங்களே பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கினார். பாதுகாப்பாக நடத்தப்படும் ஆலைக்குக் குறைந்த கட்டணம் என்ற கொள்கை அங்கிருந்து வேரூன்றியது. தெளிப்பான் வந்தபோது அது அக்கொள்கைக்குள் எளிதாகப் பொருந்தியது. 1885இல் மான்செஸ்டரில் ஜான் வோர்மால்டு தெளிப்பான் பொருத்துவதற்கான விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். அவரும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரே. இந்தியாவிலும் காப்பீட்டுத் துறையின் கட்டண ஆலோசனைக் குழு, 2007 ஜனவரி 1இல் தீக்காப்பீட்டுக் கட்டணங்கள் சந்தைக்கு விடப்படும்வரை, தீயணைப்புக் கருவிகள் பொருத்திய தொழிற்சாலைகளுக்குக் கட்டணக் கழிவு அளித்து வந்தது.

கோவையின் முதல் நூற்பாலையான கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் நிறுவனம் 1888இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தாரால் நிறுவப்பட்டது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. பஞ்சாலையில் தீ என்பது அன்றாட அச்சம். பஞ்சைப் பிரித்துத் தூசு நீக்கும் புளோரூமில் ஒரு சிறு இரும்புத் துண்டு உரசினாலே போதும், பொறி பஞ்சில் பற்றிவிடும். பேல் அடுக்கிய கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். எனவே தீயணைப்பு வாளி, ஹைட்ரண்ட், குழாய்ச் சுருள் ஆகியவை கோவைத் தொழிலாளர்களுக்குப் பழக்கமான பொருள்கள். தீயைப் பற்றிய அறிவு இந்த ஊருக்குப் புதிதன்று. ஆலை வாசலைத் தாண்டி அது வெளியே போகவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

விடுதிகளின் காலம்

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862இல் தொடங்கிய பள்ளி, கோபிசெட்டிபாளையத்தில் 1898இல் தொடங்கப்பட்ட வைரவிழாப் பள்ளி, தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிப் பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த இராமகிருஷ்ண வித்யாலயம் ஆகியவை இப்பகுதியின் கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்டவை. வித்யாலயம் குருகுல முறையில் மாணவர்களைத் தங்கவைத்துக் கற்பித்தது. பேருந்து வசதியற்ற காலத்தில் தோட்டத்துச் சாளைகளில் சிதறி வாழ்ந்த குடும்பங்களுக்கு விடுதி இல்லாமல் உயர்நிலைக் கல்வி இல்லை. சமூக அறக்கட்டளைகளும் ஆலைக் குடும்பங்களும் விடுதிகள் கட்டின. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளை அரசு நடத்தியது. 1990களுக்குப் பிறகு நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளில் மதிப்பெண்ணுக்குப் பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகள் பெருகின. தென் மாவட்டங்களிலிருந்துகூடப் பிள்ளைகள் அங்கு வந்து தங்கினர்.

இன்னொரு வகை விடுதியும் உண்டு. கல்வி வரலாறு எழுதுவோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நூற்பாலைகள் தொலை மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களை வேலைக்கு அழைத்துவந்து ஆலை வளாகத்திலேயே தங்கவைத்தன. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் அது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. அப்பெண்களில் பலர் பள்ளி வயதைத் தாண்டியிராதவர்கள். பஞ்சுக் கிடங்கும் படுக்கைக் கூடமும் ஒரே மதிற்சுவருக்குள் இருந்தன. இரண்டில் எதற்கு எவ்வளவு தீப்பாதுகாப்பு என்ற கேள்விக்குக் காப்பீட்டு விதியில் ஒரு விடையும் கட்டட விதியில் வேறு விடையும் இருந்தன.

ஓலைக்கூரையின் மூன்றாண்டுகள்

தமிழ்நாட்டில் தீப்பாதுகாப்பு பொதுப்பேச்சானது மூன்று விபத்துகளுக்குப் பிறகு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகமாக நடத்தப்பட்ட ஓலைக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபத்து ஓலைப்பந்தல் எரிந்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளின் சத்துணவுக்கூடத்து ஓலைக்கூரையில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் ஓலைக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர்.

கும்பகோணத்துக்குப் பின் நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் ஓலைக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் அதுவரை சிறையிலிருந்த காலமாகக் குறைத்தது. இதற்கிடையே, கும்பகோணத் தீயை முன்வைத்து அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் அடிப்படை உரிமை என்றும், பள்ளிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்றும் அது கூறியது.

ஓலை போனது பெரிய ஆறுதல்தான். ஆனால் அதனால் ஒரு பழக்கமும் உருவானது. தீப்பாதுகாப்பு என்றால் ஓலைக்கூரை இல்லாமை என்று பலரும் எண்ணிக்கொண்டனர். காங்கிரீட் தளம் போட்டாயிற்று, இனி என்ன எரியப்போகிறது என்ற கேள்வியைப் புனரமைப்புக் கூட்டங்களில் இன்றும் கேட்கலாம். விடுதி அறையில் எரிவது கூரை அன்று. நுரை மெத்தை, நைலான் கொசுவலை, நெகிழித் தட்டி, புத்தகப் பெட்டி, ஒரே பிளக்கில் தொங்கும் நான்கு சார்ஜர் ஆகியவையே எரிபொருள். கோரைப்பாயும் தகரப்பெட்டியுமாகப் பிள்ளைகள் தங்கிய காலத்து விடுதியைவிட இன்றைய காங்கிரீட் விடுதியில் நச்சுப்புகை விரைவாக நிறையும். கூரையை மாற்றிய இடத்திலும் மொட்டைமாடியில் தட்டியும் நெகிழித் தகடும் கொண்டு கூடுதல் அறை போடும் வழக்கம் போகவில்லை. 2019 மே 24 அன்று சூரத் நகரப் பயிற்சி மையத்தில் 22 பேர் இறந்ததும் அப்படிப்பட்ட மாடிக்கூடத்தில்தான்.

உறங்குபவர்களின் தீ

வகுப்பறையிலிருப்பவர் விழித்திருப்பவர். விடுதியில் தீ பெரும்பாலும் இரவில் வருகிறது. வாசனையை உணர்ந்து எழுவார்கள் என்று நம்ப முடியாது. புகை உறங்குபவரை எழுப்புவதைவிட ஆழ்த்துவதே அதிகம். இதனால்தான் இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பள்ளியைக் கல்விக் கட்டடமாக வகைப்படுத்தினாலும், அப்பள்ளியின் தங்கும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, குடியிருப்புப் பிரிவின் தங்கும்கூட வகையில் சேர்க்கிறது. வளாகம் ஒன்றே ஆனாலும் விதி இரண்டு. பள்ளிக்கு வாங்கிய சான்று விடுதிக்கும் போதும் என்று எண்ணும் நிர்வாகங்கள் தவறவிடும் நுட்பம் இது.

அமெரிக்காவில் 2000 ஜனவரி 19 அன்று நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், 1952இல் கட்டப்பட்ட போலண்டு ஹால் விடுதியில் தீப்பிடித்து 3 மாணவர்கள் இறந்தனர். அக்கட்டடத்தில் புகை எச்சரிக்கை மணி இருந்தது. அது முன்பு பலமுறை பொய்யாக ஒலித்திருந்ததால் மாணவர்கள் பலர் உடனே எழவில்லை. தெளிப்பான் இல்லை, கட்டப்பட்ட காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. அதே ஆண்டில் அம்மாநிலம் சட்டமியற்றி, உறைவிடப் பள்ளிகள் உட்பட எல்லா மாணவர் விடுதிகளிலும் 4 ஆண்டுகளுக்குள் தெளிப்பான் பொருத்த வேண்டும் என்றது. அதற்குக் குறைந்த வட்டியில் கடன் தர ஒரு நிதியத்தையும் அதே சட்டத்தில் வைத்தது. பழைய கட்டடம் என்பது விலக்குக்குக் காரணமாகாது என்று சொன்ன சட்டம், பழைய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்தே யோசித்தது. நம் நாட்டில் முதல் பாதி மட்டும் அடிக்கடி நடக்கிறது.

கோலாலம்பூரில் 2017 செப்டம்பர் 14 அதிகாலை ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் இறந்தனர். அவர்களில் 21 பேர் மாணவர்கள். சன்னல்களில் இரும்புக் கம்பி அடைப்பு. கயானாவின் மாஹ்தியாவில் 2023 மே 21 இரவு மாணவியர் விடுதியில் நேர்ந்த தீயிலும் அதே கம்பி, அதே பூட்டு. கொங்கு நாட்டு விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பெண்பிள்ளைகள் விடுதி என்றால் சன்னலுக்குக் கம்பி, வராந்தாவுக்குக் கம்பிக்கதவு, இரவு 9 மணிக்குப் பூட்டு, சாவி வார்டனம்மா இடுப்பில். இது பெற்றோர் கேட்கும் பாதுகாப்பு. 2014இல் பொள்ளாச்சியில் விடுதியில் தங்கியிருந்த சிறுமிகளுக்கு நேர்ந்த வன்கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. வெளியாள் உள்ளே வரக்கூடாது என்ற அச்சம் நியாயமானது. உள்ளே இருப்பவர் வெளியே போக முடிய வேண்டும் என்பது அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் தேவை. உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள், திறந்தவுடன் மணியடிக்கும் கதவு, வெளிப்புறம் தள்ளித் திறக்கும் கம்பிச் சன்னல் என்று இரண்டையும் இணைக்கும் வழிகள் உண்டு. ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் ஓரிரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

தெளிப்பான் எப்படி வேலை செய்கிறது

தெளிப்பானைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றுக்குத் திரைப்படங்களே பொறுப்பு. யாரோ புகைபிடித்தால் கட்டடம் முழுவதும் மழை பெய்வதாகக் காட்டுவார்கள். உண்மையில் புகை தெளிப்பானைத் திறப்பதில்லை, வெப்பமே திறக்கிறது. ஒவ்வொரு தலையிலும் நீர்மம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் நீர்வழியை அடைத்து நிற்கும். சிவப்புக் குமிழ் 68 பாகை செல்சியசில் வெடிக்கும். மஞ்சள் 79, பச்சை 93. எந்தத் தலையைச் சுற்றி வெப்பம் ஏறுகிறதோ அது மட்டும் திறக்கும். பெரும்பாலான தீக்களில் ஒன்று அல்லது சில தலைகளே திறக்கின்றன.

கோவை போன்ற ஊரில் இதன் முக்கியத்துவம் தண்ணீரில் இருக்கிறது. வழக்கமான ஒரு தலை 0.5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 56 லிட்டர் பொழியும். இரண்டு தலைகள் 10 நிமிடம் ஓடினால் ஏறத்தாழ 1,100 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தீ முற்றிய பிறகு வண்டி வந்து குழாயடித்தால் செலவாகும் நீர் இதைப்போல் பல மடங்கு. சிறுவாணியையும் பில்லூரையும் எதிர்பார்த்திருக்கும் நகரமும், ஆயிரம் அடிக்கு மேல் துளையிட்டும் சொட்டுச் சொட்டாக வரும் கிராமத்து ஆழ்துளைக் கிணறுகளும் உள்ள நாட்டில், 'தெளிப்பானுக்குத் தண்ணீருக்கு எங்கே போவது' என்பதே முதல் மறுப்பாக வருகிறது. நீர் குறைவான ஊருக்குத்தான் தெளிப்பான் அதிகம் பொருந்தும் என்பது கணக்குப் போட்டால் தெரியும்.

ஆனால் அந்த நீர் எப்போதும் இருக்க வேண்டும். தீயணைப்புத் தொட்டியும் குளியல் தொட்டியும் ஒன்றானால் மே மாதத்தில் இரண்டும் காலி. ஒரே தொட்டியைப் பயன்படுத்துவதானால் அன்றாடக் குழாயை மேல்மட்டத்திலும் தீயணைப்புக் குழாயை அடிமட்டத்திலும் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் குறிப்பிட்ட அளவு நீரை யாராலும் குளித்துத் தீர்க்க முடியாது. இந்த எளிய ஏற்பாடு விடுதித் தொட்டிகளில் இல்லாதபோது மற்றெல்லாக் கருவியும் வீண்.

பழைய கட்டடத்தில் பொருத்துவது

புதுக்கட்டடத்தில் குழாய்வழி வரைபடத்திலேயே வந்துவிடும். பழையதில் கட்டடத்தோடு பேரம் பேச வேண்டியிருக்கிறது. இப்பகுதிப் பழைய விடுதிகளில் மங்களூர் ஓட்டுக்கூரை, மரவிட்டமும் செங்கல்லும் கொண்ட மெட்ராஸ் மொட்டைமாடி, 1960களுக்குப் பிறகான காங்கிரீட் என மூன்று காலத்துக் கட்டுமானங்கள் ஒரே வளாகத்தில் நிற்பதுண்டு. ஓட்டுக்கூரை உயரமானது; வெப்பம் மேலே தேங்கித் தலையைத் திறக்க நேரமாகும், கோடையில் ஓட்டடி வெப்பமும் கணக்கில் வர வேண்டும். மெட்ராஸ் மாடியின் விட்டத்தில் நீர் நிரம்பிய இரும்புக் குழாயைத் தொங்கவிடுவதற்கு முன் விட்டத்தின் உறுதியைப் பார்க்க வேண்டும். மாடியில் புதிய தொட்டி வைப்பது அதைவிடப் பெரிய சுமை. 10,000 லிட்டர் நீர் என்றால் 10 டன். நிலத்தில் தொட்டி அமைத்துப் பம்பு வைப்பதே பல இடங்களில் சரி.

பம்பு என்றவுடன் மின்தடை நினைவுக்கு வரும். எனவே முதன்மைப் பம்புக்குத் துணையாக டீசல் பம்பும், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்க்கும் சிறு ஜாக்கி பம்பும் தேவைப்படும். கொங்குப் பகுதி ஆழ்துளை நீரின் உப்பும் சுண்ணாம்பும் குழாயின் உட்புறத்தில் படிந்து சில ஆண்டுகளில் வழியைச் சுருக்கிவிடும். ஆலைப் பராமரிப்பில் பழகிய ஃபிட்டர்களும் பம்புத் தொழிலும் நிறைந்த கோவையில் இதற்கு ஆள் கிடைக்காது என்று சொல்ல முடியாது. தெளிப்பான் அமைப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15105 என்ற எண்ணில் 2002 முதல் இருக்கிறது.

பிறகு ஏன் நடக்கவில்லை? விதி உயரத்தைப் பார்க்கிறது. தேசிய விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளதை உயர்கட்டடம் என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்கட்டடம். கடுமையான நிபந்தனைகள் இந்த வரம்புகளை ஒட்டியே கூடுகின்றன. தரைத்தளத்தோடு இரண்டு மாடியுள்ள பழைய விடுதி இரண்டு வரம்புக்கும் கீழே நின்றுவிடுகிறது. தனியார் பள்ளி அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என நான்கும் கேட்கப்படுகின்றன. சிவப்பு உருளைகளை மாட்டி, மணல் வாளிகளை வரிசையாக வைத்தால் தாழ்ந்த கட்டடத்துக்குச் சான்று வாங்குவதில் பெரிய தடை இராது. ஆலைக்குக் கழிவு தந்த காப்பீட்டைப் போல, விடுதிக்குத் தெளிப்பான் வைப்பவருக்கு ஆதாயம் தரும் ஏற்பாடும் இல்லை. அரசு நல விடுதிகளின் பழுதுபார்ப்புக்குத் தாட்கோ, பொதுப்பணித் துறை வழியாக நிதி வருகிறது. ஒழுகும் கூரையும் கழிப்பறையும் அதில் முந்திக்கொள்வது இயல்பே.

2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் பழைய கட்டடத்தில் நடந்த தனியார் மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. இரு பெண்கள் இறந்தனர். ஓலை இல்லை, சத்துணவு அடுப்பு இல்லை, உயர்கட்டடமும் இல்லை.

பணம் குறைவாக உள்ள விடுதி எதை முதலில் செய்யலாம் என்பதில் தீயணைப்புப் பொறியாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது படிக்கட்டும் திறக்கும் சன்னலும் முதலில். அடுத்து புகை உணர்த்தி. அதன் மணி பொய்யாக ஒலிக்காதபடி பராமரிப்பு. மின்கம்பி மாற்றம் எப்படியும் புனரமைப்பில் வரும். சமையற்கூடத்தைப் படுக்கைப் பகுதியிலிருந்து பிரிப்பதும் அப்போதே முடியும். தெளிப்பானை முழுக்கட்டடத்துக்கும் ஒரே ஆண்டில் போட முடியாவிட்டால் படிக்கட்டு, நடைவழி, பொருள் வைப்பறை என்று தொடங்கலாம். ஆனால் தளத்தைக் கொத்தி மின்கம்பி மாற்றும் அதே கோடை விடுமுறையில் முதன்மைக் குழாயையாவது ஏற்றிவிடுவது சிக்கனம். இல்லாவிட்டால் மூன்றாண்டு கழித்து அதே சுவரை இரண்டாம் முறை உடைக்க நேரும்.

பொருத்திய பிறகு வரும் ஒரு சிறு விபத்தையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் விடுதிக்கு வெள்ளையடிப்பார்கள். பெயின்டர் மேற்கூரையோடு சேர்த்துத் தெளிப்பான் தலைக்கும் இரண்டு கோட்டு அடித்துவிட்டுப் போவார். வண்ணம் பூசிய குமிழுக்கு வெப்பம் தாமதமாகவே எட்டும். அடைபட்ட தலை திறக்காமலும் போகலாம். அதைத் துடைத்துப் பயன்படுத்தக்கூடாது, புதிய தலைதான் மாற்ற வேண்டும். வெள்ளையடிக்கும் முன் தலைகளில் பைகளைக் கட்டி, வேலை முடிந்த அன்றே அவிழ்த்துவிட வேண்டும்.